துரைக்கு முன்னால் கோவிந்தா

நெல்லிக்கோனைச் சரணாலயத்தின் வாசலில் இப்போது ஒரு பச்சைப் பலகை வைத்திருக்கிறார்கள். மஞ்சள் எழுத்தில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும், எங்கள் பக்கத்து ஜனங்களுக்காகக் கீழே தமிழிலும், ‘அமைதி காக்கவும்’ என்று எழுதியிருக்கிறது. அந்தப் பலகையைப் பார்த்ததும் நான் சிரித்துவிட்டேன். ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்த புது ரேஞ்சர் ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார். அது பெரிய கதை என்றேன். அப்படியானால் எழுதிக் கொடுங்கள், இலாகா மலரில் போடுகிறோம், அந்தக் காலத்தில் காட்டைப் பார்க்க வந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்று சின்னவர்களுக்குத் தெரியட்டும் என்றார். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது, கடைசியில் ஒரு கருத்து இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளும் போட்டார். பென்ஷன்காரனிடம் பக்கக் கணக்குச் சொல்வது வீண் வேலை. கருத்து இருக்கத்தான் இருக்கிறது, அது யாருக்குப் பயன்படும் என்பதுதான் எனக்கே விளங்கவில்லை.

நான் புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். சென்னை ராஜதானி நாட்களில், எட்டாவது தேறியதும், காட்டு இலாகாவில் கார்டாகச் சேர்ந்தேன். சித்தூரில் பயிற்சி கொடுத்தார்கள். விழுந்த மரத்தில் முத்திரைச் சுத்தியல் அடிப்பது எப்படி, நெருப்புப் பரவாமல் இருக்கக் கோடு வெட்டுவது எப்படி, மேலதிகாரி வந்தால் விறைப்பாக நிற்பது எப்படி என்று மூன்று பாடங்கள். மூன்றாவதுதான் அதிக நாள் பிடித்தது. என்னோடு படித்தவன் தேவசகாயம். சித்தூர் மிஷன் காம்பவுண்டில் வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவப் பையன், சர்ச்சுப் பாடகர் குழுவில் பாடியவன், எங்கள் எல்லோரையும்விட நல்ல குரல். இருவருக்கும் நாகலாபுரம் மலையில் பக்கத்துப் பக்கத்துப் பீட் கிடைத்தது, பீட் என்றால் ஒரு கார்டின் காவல் எல்லை. அந்த மலைக்கு நடுவில் தண்ணீர் வற்றாத ஒரு பள்ளத்தாக்கு உண்டு. அதுதான் நெல்லிக்கோனை. அது என் பீட்டில் இருந்தது.

எங்களுக்கு வாய்த்த ஜில்லா காட்டு அதிகாரி, டி.எஃப்.ஓ.வைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். தெற்கத்திக்காரர், டேராடூனில் படித்தவர். அந்தக் காலத்தில் காட்டைப் பார்க்க வருகிற பெரிய மனிதர்கள் எல்லாரும் துப்பாக்கியோடுதான் வருவார்கள், சுட்டதன் மேல் காலை வைத்துப் போட்டோ பிடித்துக்கொள்வார்கள். இவர் துப்பாக்கியைத் தொடமாட்டார். கையில் ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடி, காலில் ரப்பர் அடி வைத்த கான்வாஸ் பூட்ஸ், அவ்வளவுதான். பைப்பு வைத்திருப்பார், ஆனால் காட்டுக்குள் நெருப்புக் கூடாது என்பது சட்டம் என்பதால் வெறும் பைப்பையே நாள் முழுக்கக் கடித்துக்கொண்டிருப்பார். யாரையும் திட்டியதில்லை. திட்டுவதற்குக் குரலை உயர்த்த வேண்டுமே. காட்டில் மிருகங்களைக் கலைக்கக் கூடாது என்று ரகசியக் குரலில் பேசிப் பேசி, சித்தூர் ஆபீஸிலும் அந்தக் குரலிலேயே பேச ஆரம்பித்துவிட்டார். குமாஸ்தாக்கள் மேஜைமேல் குனிந்து காதைக் கொடுத்துத்தான் உத்தரவு வாங்குவார்கள். எங்கள் பக்கத்து ஜனங்கள் அவருக்கு உஷ் ஐயா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பீட்டைப் பார்க்க வந்தால், எங்களுக்குப் பின்னால் பூனை மாதிரி வந்து நிற்பார். வந்ததே தெரியாது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“ஏகாம்பரம், என்ன கேட்டுது?”

“ஒண்ணும் கேக்கல ஐயா.”

“நல்லது.”

இதுதான் சரியான பதில். தெரியாத்தனமாக ஒருமுறை தேவசகாயம் குயில் கூவியது கேட்டது என்று சொல்லிவிட்டான். அந்தக் குயிலை என்ன செய்வது என்று யோசிப்பவர்போல ஐயா வெகுநேரம் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவருக்கு ஓர் ஆசை இருந்தது. நெல்லிக்கோனையில் யாரும் சுடக்கூடாது, மரம் வெட்டக்கூடாது, அது மிருகங்களின் சொந்த வீடாக இருக்க வேண்டும், மனிதர்கள் போனால் விருந்தாளியாகப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அதற்குச் சரணாலயம் என்று பெயர் என்று எங்களைக் கூட்டி வைத்து விளக்கினார். நல்ல ஆசைதான். இன்றைக்கும் அதில் குறை சொல்லமாட்டேன். குறை எங்கே வந்தது என்றால், அந்த வீட்டின் நடுவே ஒரு வழி போயிற்று.

நாகலாபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து திருப்பதிக்கு நடந்து போகிறவர்கள் மலையைச் சுற்றிப் போகமாட்டார்கள். நெல்லிக்கோனையில் இறங்கி ஏறி, நாராயணவனம் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து திருப்பதிக்குப் போவார்கள். நாராயணவனத்தில் நடந்த பெருமாள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் நடந்த வழி என்று அதற்கு ஒரு பெயர். சனிக்கிழமைதோறும் சின்னக் கூட்டம் போகும், புரட்டாசியில் பெருங்கூட்டம். மஞ்சள் துணி, நெற்றியில் நாமம், கழுத்தில் துளசி மாலை. திருப்பத்துக்குத் திருப்பம் ஒருவர் கோவிந்தா என்பார், மற்றவர்கள் கோவிந்தா என்பார்கள். மலையே கிடுகிடுக்கும். உஷ் ஐயாவுக்கு அந்தச் சத்தம் கேட்டால் பல் வலிக்கிற மாதிரி முகம் ஆகிவிடும். இந்தக் கூச்சலால்தான் கடமானும் புள்ளிமானும் கண்ணில் படாமல் போய்விட்டன என்று அவர் முடிவு கட்டியிருந்தார். சரணாலயம் வேண்டும் என்றால் வழியை மூட வேண்டும் என்று மேலே எழுதிவிட்டார். நேரில் பார்த்து முடிவு செய்ய ஐயாவுக்கும் மேலதிகாரியான வெள்ளைக்காரக் கன்சர்வேட்டர் துரை வருகிறார் என்று பதில் வந்தது.

மூடினால் மலையடிவாரத்தில் தடிக்கட்டை போட்டு ஆளை மறிக்கிற வேலை யாருக்கு வரும்? பீட் கார்டுக்கு. அதாவது எனக்கு.

இதை வீட்டில் சொன்னபோது என் சம்சாரம் கன்னியம்மா அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை. அவள் என் அக்கா மகள். எங்களுக்குப் பிறந்த முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது பிள்ளைக்குப் பிரசவமானபோதே, இது தங்கினால் இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்த வழியில் நடந்தே வந்து முதல் முடி இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டுவிட்டாள். பிள்ளை தங்கியது. முடி தோளில் புரண்டுகொண்டிருந்தது. வருகிற புரட்டாசிக்குப் போவதாகத் தாய்வீட்டு ஜனங்களோடு பேசி வைத்திருந்தாள்.

“ரோட்டு வழியா போய்க்கலாமே, ரயிலும் இருக்குது” என்றேன்.

“நான் சாமிகிட்ட சொன்னது இந்த வழிய. ரயில சொல்லல.”

“மூடிட்டா இன்னா பண்ணுவ?”

“நீதான மாமா கட்டைய புடிச்சிக்கினு நிப்ப? புள்ளையத் தூக்கிக்கினு வருவேன். நீ மறிச்சிக்கோ.”

உத்தியோகத்தை விடலாம், நிலம் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள நிலமும் இல்லை. இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவளிடம் மூன்றாவதன் வேண்டுதலை மாற்றிக்கொள் என்று சொல்கிற தைரியமும் எனக்கு இல்லை. எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை துரைதான். துரை வந்து, இந்தக் காட்டில் ஒன்றுமே இல்லை, சரணாலயமும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம் என்று போய்விட மாட்டாரா என்று பார்த்தேன்.

துரை வருகைக்காக நாங்கள் செய்த ஏற்பாடுகளைச் சின்னவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மலைவழியில் கிடந்த சருகு முழுவதையும் பெருக்கி எடுத்தோம், பூட்ஸ் பட்டு நொறுங்கக் கூடாதாம். கோனையின் குட்டைக்கு எதிரே மான்கள் நக்க வரட்டும் என்று உப்பைக் கொட்டி வைத்து, இந்தப் பக்கம் புல்லால் ஒரு மறைப்புக் கட்டினோம். வண்டி மாடுகளின் கழுத்து மணியை அவிழ்த்தோம். அடிவாரத்து ஊரில் சேவல்களைக் கூடையில் போட்டு மூட உத்தரவாயிற்று. சனிக்கிழமைக் கூட்டத்தை வேறு வழியில் திருப்பிவிட்டோம். துரை தங்கும் இலாகா பங்களாவின் சமையல்காரருக்குக் கடுகு தாளிக்கக் கூடாது என்று ஐயா சொல்லிவிட்டார், அது வெடிக்கிற சத்தம் காட்டுக்குள் கேட்குமாம். நாங்களும் சேர்ந்து தாளிக்காத சாம்பாரைத்தான் தின்றோம்.

துரை வந்து இறங்கியதும்தான் எதிர்பாராத சிக்கல் ஒன்று முளைத்தது. அவர் நல்ல கனத்த சரீரம். அதோடு முழங்கால் வீங்கியிருந்தது. சமதரையில் நடப்பதே கஷ்டம், மலை ஏறுவது நடக்காத காரியம். உடனே திருப்பதிக்கு ஆளை அனுப்பி டோலிக்காரர்களைக் கூட்டி வரச் செய்தார்கள். அப்போதெல்லாம் நடக்க முடியாத யாத்திரிகர்களை டோலியில் வைத்துத்தான் திருமலைக்குத் தூக்கிப் போவார்கள். அதிலே கைதேர்ந்த நால்வர் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் முனிரத்தினம் என்று ஒரு முரட்டு ஆள், பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகப் பேசுவார்.

துரை டோலியில் உட்கார்ந்தார். மூங்கிலைத் தோளில் வாங்கி, முனிரத்தினம் வாயைத் திறந்தார். அவர் கோவிந்தா என்று முடிப்பதற்குள் உஷ் ஐயா பாய்ந்து வந்து கையால் அவர் வாயைப் பொத்திவிட்டார். சத்தமே கூடாது என்று ரகசியக் குரலில் விளக்கினார்.

“ஏமி சாமி இது” என்றார் முனிரத்தினம். “பொணத்த தூக்கினாக்கூட கோவிந்தா போட்டுத்தான் தூக்குவோம். உசுரோட இருக்கிறவர வாய மூடிக்கினு தூக்கச் சொல்றீங்க. காலு எப்டி ஒண்ணா எடுத்து வைக்கும்?”

நியாயமான கேள்வி. டோலி தூக்குகிறவர்களுக்குக் கோவிந்தா என்பது பக்தி மட்டும் இல்லை, அதுதான் அவர்களுக்குத் தாளம். முன்னவர் சொல்லும்போது ஒரு கால், பின்னவர்கள் சொல்லும்போது மறு கால். ஆனால் ஐயாவிடம் எல்லாவற்றுக்கும் ஒரு வழி இருந்தது. ரயில் கார்டு வைத்திருக்கிற மாதிரி ஒரு பச்சைக் கொடியை என் கையில் கொடுத்தார். நான் முன்னால் போக வேண்டும். கொடியை உயர்த்தினால் வலது கால், இறக்கினால் இடது கால். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததில் அவருக்கு ஒரு சந்தோஷம், முகத்திலேயே தெரிந்தது.

அப்படி ஓர் ஊர்வலம் அந்த மலையில் அதற்கு முன்பும் நடந்திருக்காது, பின்பும் நடக்கவில்லை. முன்னால் நான், பின்பக்கம் பார்த்து நடந்தபடி கொடியை ஏற்றி இறக்கிக்கொண்டு போகிறேன். நான்கு பேரும் காலைப் பார்க்காமல் கொடியைப் பார்க்கிறார்கள், அதனால் கல்லெல்லாம் காலில் இடிக்கிறது. டோலி நான்கு பக்கமும் ஆடுகிறது. துரை இரு பக்கக் கயிற்றையும் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறார். பின்னால் உஷ் ஐயா, எங்கள் அந்தக் காலத்து ரேஞ்சர், தேவசகாயம், கடைசியில் சாப்பாட்டுக் கூடை. ஒருவர் மூச்சு விடும் சத்தமும் கேட்கவில்லை. நெல்லிக்கோனைக்குப் போய்ப் புல் மறைப்பில் உட்கார்ந்தோம். முந்தின நாள்வரை குளம்புத் தடம் குவிந்து கிடந்த குட்டைக்கரை காலியாகக் கிடந்தது. மான் இல்லை. பன்றி இல்லை. குரங்குகூட இல்லை. வெயில் ஏறும்வரை காத்திருந்துவிட்டு அதே கொடியோடு திரும்பினோம்.

எனக்குள்ளே ஒரே குதூகலம். ஒன்றும் தென்படவில்லை, சரணாலயம் ஒழிந்தது, கன்னியம்மா பிழைத்தாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் குதூகலம் அன்று சாயங்காலம்வரைதான். பங்களா வராந்தாவில் இருவரும் பேசிக்கொண்டிருந்ததை ரேஞ்சர் எங்களுக்குச் சொன்னார். இத்தனை அருமையான காட்டில் ஒன்றுமே இல்லையே, ஏன் என்று துரை கேட்டாராம். யாத்திரிகர் கூச்சல், அதனால்தான் வழியை மூடச் சொல்கிறேன் என்றாராம் ஐயா. துரை ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாராம். மிருகம் தென்பட்டால் காப்பாற்றுவதற்காக வழியை மூட வேண்டும், தென்படாவிட்டால் திரும்பி வரவைப்பதற்காக வழியை மூட வேண்டும். எப்படிப் பார்த்தாலும் தடிக்கட்டை என் கையில்தான். மேலிடத்துக் காரியங்கள் இப்படித்தான் அமையும் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

மறுநாள் காலை இன்னொருமுறை பார்த்துவிடலாம் என்று துரை கிளம்பினார். அதே கொடி, அதே ஊர்வலம். கோனைக்குள் இறங்குகிற இடத்தில் ஒரு வழுக்குப் பாறை உண்டு, அதன் ஒரு பக்கம் ஆழமான சரிவு. பின்பக்கமாக நடந்துகொண்டிருந்த என் கொடி ஒரு காரைமுள்ளில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. கொடி உயர்ந்தபடியே நின்றுவிட்டது. நான்கு பேரும் வலது காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். இடது காலால் எவ்வளவு நேரம் நிற்பது? பின்னால் ஒருவருக்குக் கால் வழுக்கியது. டோலி சரிவுப் பக்கம் சாய்ந்தது. துரையின் தொப்பி பறந்து கீழே போனது.

அப்போது முனிரத்தினத்துக்கு உத்தரவாவது ஒன்றாவது. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தார்.

“கோவிந்தா!”

மற்ற மூன்று பேரும் யோசிக்கவே இல்லை. “கோவிந்தா!” என்றார்கள். எட்டுக் காலும் ஒன்றாக விழுந்தன. டோலி நிமிர்ந்தது. ஒருமுறை ஆரம்பித்த பிறகு அவர்களால் நிறுத்த முடியவில்லை, இரண்டு நாளாக அடைத்து வைத்த தொண்டை அது. பாறையிலிருந்து இறங்கி, வளைவு திரும்பி, மலை அதிர அதிரக் குட்டைக்கரைக்கே போய்விட்டார்கள். உஷ் ஐயா கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. காரியம் கெட்டது, என் வேலையும் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

குட்டைக்கரையில் கடமான் நின்றுகொண்டிருந்தது. ஒன்றல்ல, ஒரு மந்தை. பெட்டைகள், குட்டிகள், நடுவே பெரிய கொம்போடு ஓர் ஆண். எங்களை நிமிர்ந்து பார்த்தன. வழக்கமாக வருகிற ஆட்கள்தான் என்கிற மாதிரி மறுபடி குனிந்து தண்ணீர் குடிக்க ஆரம்பித்தன.

துரை பரவசமாகிக் கையை உயர்த்தினார். நிறுத்து என்று அர்த்தம். டோலி நின்றது, கோவிந்தாவும் நின்றது. நிசப்தம் ஆன அந்தக் கணமே ஆண் கடமான் தலையைத் தூக்கியது. காதை விறைத்தது. முன்காலால் தரையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டியது. கண்மூடித் திறப்பதற்குள் மந்தை முழுக்கப் புதரில் மறைந்துவிட்டது.

பிறகு பரீட்சைக்குப் படித்த தமிழில் துரை முனிரத்தினத்திடம் சொன்னார்.

“மறுபடியும் பாடு. நான் சொல்லும்வரை நிறுத்தாதே.”

அன்று காலை முழுக்க அதே வேலைதான். கோவிந்தா போட்டுக்கொண்டு போனால் புள்ளிமான் நின்று வேடிக்கை பார்த்தது. பன்றி குடும்பத்தோடு வழியைக் கடந்தது. வாயை மூடினால் எல்லாம் ஓடியது. துரை குழந்தை மாதிரி நிறுத்து, பாடு, நிறுத்து, பாடு என்று சொல்லிச் சொல்லி நான்கு பேருக்கும் தொண்டை கட்டிவிட்டது. யோசித்தால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அந்தக் காட்டில் சத்தம் போட்டு வந்தவர்கள் கையில் துளசி மாலையும் சொம்பும்தான் இருக்கும். சத்தமில்லாமல் வந்தவன் கையில்தான் வலையும் துப்பாக்கியும். மிருகங்களுக்கு இது தெரிந்திருந்தது. எங்கள் யாருக்கும் தெரியவில்லை. வாரக்கணக்கில் சருகைப் பெருக்கி, மூச்சை அடக்கி, பூனை மாதிரி நடந்து, நாங்களே அவற்றைக் குட்டையை விட்டு விரட்டியிருக்கிறோம்.

திரும்புகையில் உஷ் ஐயா என் பக்கத்தில் நடந்து வந்தார். கண் ஈரமாக இருந்தது. தோற்றுப்போன வருத்தம் என்று நினைத்தேன். “இத்தனை வருஷ சர்வீஸ்ல இவ்வளவு கிட்டத்துல நான் பார்த்ததே இல்லை ஏகாம்பரம்” என்றார். அது வருத்தமா சந்தோஷமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த மனிதரிடம் எனக்கு அன்றைக்குத்தான் பிரியம் உண்டாயிற்று.

துரை உத்தரவு போட்டார். நெல்லிக்கோனை சரணாலயம் ஆகும், வழி திறந்தே இருக்கும், யாத்திரிகர்களைத் தடுக்கக் கூடாது. அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெரிய அதிகாரிகள் ஒன்றைக் கண்டுபிடித்தால் அதை விதியாக்காமல் தூங்கமாட்டார்கள். சரணாலயத்தைப் பார்க்க வருகிற எந்த அதிகாரிக்கும் முன்னால் பீட் கார்டு ஒருவர் கோவிந்தா போட்டுக்கொண்டு போக வேண்டும் என்றும் சேர்த்துவிட்டார். அதன்பின் சில வருஷங்கள் நான் காக்கிச் சட்டையும் தலைப்பாகையுமாக வெள்ளைக்காரர்களுக்கு முன்னால் கோவிந்தா போட்டுக்கொண்டு மலை ஏறியிருக்கிறேன். ஒரு துரைசானி எனக்குப் பின்பாட்டே பாடினார். தேவசகாயத்துக்குத்தான் தர்மசங்கடம். சித்தூர் போய்ப் பாதிரியாரைக் கலந்து பேசிவிட்டு வந்து, அதே ராகத்தில் அல்லேலூயா போட ஆரம்பித்தான். மான்கள் ஆட்சேபிக்கவில்லை. அவன் முறைக்கு வந்த நாட்களில் கொஞ்சம் கிட்டத்திலேயே நின்றன, குரல் நல்ல குரல் அல்லவா.

உஷ் ஐயா ஒருமுறை தனியாக வந்தார். எனக்கு அன்று கடுமையான ஜலதோஷம், குரலே எழும்பவில்லை. பரவாயில்லை, நானே போடுகிறேன் என்று முன்னால் நடந்தார். கோனை வளைவில் நின்று மார்பை நிமிர்த்தி வாயைத் திறந்தார். கோவிந்தா என்று வந்தது, ஆனால் ரகசியக் குரலில் வந்தது. புதருக்கு அப்பால் தடதடவென்று எல்லாம் ஓடுகிற சத்தம் கேட்டது. மறுபடி முயன்றார். பாவம், அவரிடம் வேறு குரல் மிச்சம் இல்லை.

இதெல்லாம் பிற்பாடு, துரை உத்தரவு போட்ட அந்த வருஷத்துப் புரட்டாசிக்கு வருகிறேன். கூட்டம் வருகிற அன்றைக்கு ஐயா கோனையில்தான் இருந்தார், நான் பக்கத்தில் நின்றேன். மஞ்சள் புடவையும் நாமமுமாகக் கன்னியம்மா வந்தாள். இடுப்பில் பிள்ளை. தாய்வீட்டு ஜனங்கள் எல்லாரையும் மீறி அவள் குரல்தான் கேட்டது. எங்களைத் தாண்டும்போது என்னைப் பார்த்துக்கொண்டே, வேண்டுமென்றே, ஐயா காதருகில் ஒரு கோவிந்தா போட்டாள். ஐயா பாதையை விட்டு ஒதுங்கிக் கையைக் குவித்துக்கொண்டார்.

“யார் அது?”

“என் சம்சாரம் ஐயா.”

“நல்லது” என்றார்.

அவளுக்காக நான் எந்தக் கட்டையையும் பிடித்து நிற்கவில்லை. என் சர்வீஸில் எனக்குக் கிடைத்த மெடல் அது ஒன்றுதான்.

பிறகு யுத்தம் வந்தது, மரம் வேண்டும் என்றார்கள், சரணாலயத்தை எல்லாரும் மறந்தார்கள். ராஜதானி போயிற்று, துரைகள் போனார்கள், ஆந்திரா வந்தது. ஊருக்கு ஊர் பஸ் வந்தது. நெல்லிக்கோனை வழியை யாரும் மூடவில்லை. நடக்க ஆள் இல்லாமல் அதுவே புல் மூடிப் போயிற்று. என் பேரனுக்கு முடி இறக்க நாங்களே பஸ்ஸில்தான் போனோம், கன்னியம்மாவும் ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டுதான் வந்தாள்.

இனி ஜீப்பு விஷயத்துக்கு வருகிறேன். மறுபடி சரணாலயம் ஆக்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, புது ரேஞ்சர் அழைத்ததால் நானும் கன்னியம்மாவும் போனோம். ஜீப்பில் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பமும் இருந்தது. குட்டைக்கு எதிரே இன்ஜினை நிறுத்தினார்கள். அக்கரையில் புள்ளிமான் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பது ஒரு பார்வையா, கிட்டத்தில் போகலாம், ஓடாமல் இருக்க எனக்கு ஒரு வித்தை தெரியும் என்று ரேஞ்சரிடம் சொன்னேன். இந்தக் காட்டின் இயல்பு அது என்றும் கொஞ்சம் பெருமையாகச் சேர்த்துக்கொண்டேன். அவர் தயங்கினார். நான் ஜீப்பை விட்டு இறங்கி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பழைய குரலில் ஒரு கோவிந்தா போட்டேன்.

ஒரு மான்கூட மிச்சமில்லை. அக்கரையில் புதர்கள் ஆடி அடங்கின. கொக்குகள்கூட எழும்பிப் போய்விட்டன. சென்னைக் குடும்பத்தின் குழந்தை அழ ஆரம்பித்தது. ரேஞ்சர் நல்ல மனிதர், எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

அந்த மான்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவை பிறந்ததிலிருந்து அந்த வழியில் ஒரு யாத்திரிகரையும் பார்த்ததில்லை. அவற்றுக்குத் தெரிந்ததெல்லாம் இன்ஜினை நிறுத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்கிற ஜீப்புதான். பலகை சொல்வது இன்றைக்கு உண்மை. எந்த உத்தரவும் போடாமல், யாரையும் தடுக்காமல், உஷ் ஐயா கேட்டது எல்லாம் நடந்துவிட்டது.

திரும்பும்போது பலகையைத் தாண்டியதும் கன்னியம்மா என் பக்கம் சாய்ந்தாள்.

“உன் உஷ் ஐயா ஜெயிச்சிட்டாரு மாமா.”

நான் ஏதோ பதில் சொன்னேன். “இன்னா சொல்ற, காதுல விழல” என்றாள். மறுபடி சொன்னேன். மறுபடியும் விழவில்லை என்று காதருகில் கையை வைத்துக்கொண்டாள். அவள் காதில் கோளாறு ஒன்றும் இல்லை. நான்தான் ரகசியக் குரலில் பேசிக்கொண்டிருந்தேன்.